அவர் பெயரில் நான் அழித்தவை

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை லீவு முடிந்து பாடசாலை தொடங்கிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை அது. உக்குவளையில், ரயில் பாதைக்குச் சற்று மேலே இருக்கிறது எங்கள் வீடு. பகல் இரண்டு மணி இருக்கும். மழை கட்டிக்கொண்டு நின்றது. முன்னறையில் ஜன்னலோரமாக மேசையைப் போட்டு, லேப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் ஜன்னல் கம்பிக்கிடையில் செருகியிருந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் அந்த ஓர் இடத்தில்தான் ஒழுங்காக வரும். போனிலிருந்துதான் லேப்டொப்புக்கு இணையம்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஓர் ஆசிரியர். அந்த நாட்களில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகப் பட்டமேற்படிப்பும் செய்துகொண்டிருந்தேன். மிளகு இலைகளைப் படம் பிடித்து, எந்த இலைக்கு என்ன நோய் என்று கணினியே கண்டுபிடிக்கப் பழக்குவது என் ஆய்வு. அந்தக் கணக்கையெல்லாம் போட என் பழைய லேப்டொப்புக்குச் சக்தி போதாது. பல்கலைக்கழகத்தில் பெரிய சேர்வர் ஒன்று இருக்கிறது. அதைப் பாவிக்க அங்கே போய் உட்கார வேண்டியதில்லை. எஸ்.எஸ்.எச். என்று ஒரு வழி இருக்கிறது. பெயரையும் பாஸ்வேர்ட்டையும் கொடுத்தால் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்துவிடலாம். படமும் இல்லை, பட்டனும் இல்லை, ஒரு கறுப்புத் திரை மட்டும் வரும். இங்கே அதில் எழுத்தாக இடுகிற கட்டளை, அங்கே அந்தச் சேர்வரில் நடக்கும். பழகிவிட்டால் இருபது கிலோமீட்டர் தூரம் என்பதே மறந்துபோகும்.

ஆனால் நான் அங்கே நுழைந்தது என் பெயரில் அல்ல. என்னோடு அதே பேராசிரியரிடம் ஆய்வு செய்த ஒரு பெண் இருந்தார். பலாபத்வலவைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம். விவசாயப் போதனாசிரியராக லக்கலவில் வேலை. நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை சேர் என்பார். சேர்வருக்கு அனுமதி கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் கிடந்ததோ, நான்கு மாதமாகப் பதில் இல்லை. நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர்தான் சொன்னார்: “அதுவரைக்கும் என்ட பேர்ல போய் வேலையப் பாருங்க சேர். ஒரு மூலைல உங்கட படங்களப் போட்டுக்கொள்ளுங்க.”

பாஸ்வேர்ட்டை இன்னொருவருக்குக் கொடுப்பது விதிக்கு மாறானது. இருவருக்கும் அது தெரியும். ஆனால் வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியையே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற ஆட்கள் நாங்கள். அதனால் அது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அவருடைய ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். லக்கலவில் யானைத் தொல்லை அதிகம். காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனையிலும் வயலிலும் காவல் இருக்கிற ஆட்கள் விடியும்வரை கண் மூட முடியாது. யானை வரும் சத்தத்தைக் கணினி கண்டுபிடித்து, காவல்காரரின் போனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா என்று அவர் பார்த்தார். அதற்காகச் சின்னச் சின்ன ஒலிப்பதிவுக் கருவிகளை மரங்களில் கட்டினார். பதிவானதை ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் காதால் கேட்டு, இது யானை, இது இடி, இது யானையை விரட்டப் போடுகிற வெடி, இது காவல்காரர் கூப்பாடு என்று குறிப்பு எழுத வேண்டும். ஒரு சிறுபோகம், ஒரு பெரும்போகம் என்று இரண்டு பயிர்ப் பருவம் முழுக்க அப்படிக் கேட்டுக் கேட்டு எழுதினார். அலுவலக வேலையும் பார்த்து, வார இறுதியில் பலாபத்வலவுக்கு வந்து கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு செய்த வேலை அது. குழந்தை பிறந்தபோது ஒரு முறை கால அவகாசம் வாங்கியிருந்தார். இனி அவகாசம் தர முடியாது என்று எழுத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த வருட முடிவுக்குள் ஆய்வைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, அத்தனை வருடப் படிப்பும் வீண்.

என் குணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணினி விஷயத்தில் எனக்குத் தலைக்கனம். எங்கள் வகுப்பில் பலர் அந்தக் கறுப்புத் திரைக்குப் பயந்தார்கள், நான் பயப்படவில்லை. அதனால் எல்லாவற்றையும் என் வசதிக்கு மாற்றி வைப்பேன். அந்தத் திரையில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், யார், எந்தக் கணினியில் இருக்கிறார் என்று பெயர் வரும். என் சின்னத் திரையில் அது இடத்தை அடைத்ததால், சேர்வரிலும் லேப்டொப்பிலும் அதை எடுத்துவிட்டு, ஒரேயொரு டொலர் குறி மட்டும் வரும்படி செய்துவிட்டேன். சேர்வரில் நான் நுழைந்தது மிஸ்ஸின் பெயரில் என்பதால் அவருக்கும் அப்படித்தான் வந்தது. “சேர், இப்ப நான் எங்க நிக்கிறேன்டே தெரியுதில்லையே” என்று ஒருநாள் கேட்டார். “நிக்கிற இடம் தெரியாதவங்களுக்குத்தான் மிஸ் போர்டு வேணும்” என்று நக்கலடித்தேன். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை என் லேப்டொப்பில் இடம் நிரம்பிவிட்டது. சேர்வரில் ஏற்கெனவே பிரதி எடுத்துவிட்ட பழைய படங்கள் லேப்டொப்பில் ‘டேட்டா’ என்ற பெயரில் ஒரு கோப்புறையில் கிடந்தன. அதை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். திரையில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் திறந்திருந்தன. ஒன்று லேப்டொப், மற்றது சேர்வர். இரண்டிலும் டொலர் குறி மட்டும். டேட்டா என்ற கோப்புறையை உள்ளே இருப்பதோடு சேர்த்துக் கேள்வி கேட்காமல் அழி என்று கட்டளை இட்டேன். அந்தத் திரையில் அழித்தால் அழித்ததுதான். குப்பைக் கூடையில் தேடி எடுக்க முடியாது. நிச்சயமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காது.

இரண்டு வினாடியில் முடியவேண்டிய வேலை. முடியவில்லை. லேப்டொப் கிழடாகிவிட்டது என்று அதைத் திட்டினேன். ஒரு நிமிடம் போயிருக்கும், போன் அடித்தது. மிஸ்ஸின் பெயர். எங்கள் பக்கத்தில், அழைப்பை எடுத்தால் இணையம் அறுந்துவிடும். சேர்வரில் என் இலைக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றுவிடுமே என்று அழைப்பைத் துண்டித்தேன். உடனே மறுபடி அடித்தது. மறுபடியும் துண்டித்து, ‘பிறகு எடுக்கிறேன்’ என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். மூன்றாவது முறையும் அடித்தது. போனைச் சத்தமில்லாமல் செய்து திருப்பி வைத்தேன்.

பிறகு ஒருவழியாக டொலர் குறி வந்தது. லேப்டொப்பில் எவ்வளவு இடம் கிடைத்தது என்று பார்த்தேன். ஒன்றும் கூடவில்லை. என் பழைய டேட்டா அப்படியே இருந்தது.

அழி என்று கட்டளை இட்ட பெட்டியில், எந்தக் கணினியில் இருக்கிறேன் என்று கேட்டேன். சேர்வரின் பெயரைச் சொன்னது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். என் மிளகு இலைகள் இருந்தன. மிஸ்ஸின் கோப்புறை இல்லை. அவரும் அதற்கு டேட்டா என்றுதான் பெயர் வைத்திருந்தார். ஆய்வு செய்கிறவர்களில் பாதிப்பேர் வைக்கிற பெயர்தான் அது. இரண்டு போகத்துச் சத்தங்கள், குறிப்புகள், எல்லாம் போய்விட்டன.

மனிதன் பதறிப்போய்ச் செய்கிற காரியத்தில்தான் அவனுடைய உண்மையான குணம் தெரியும் என்று நினைக்கிறேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? மிஸ்ஸுக்குப் போன் செய்யவில்லை. அந்தக் கணினி, நாம் இட்ட கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பைத் திறந்து, அழி என்று நான் இட்ட அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டேன். பிறகு வெளியே வந்து லேப்டொப்பை மூடினேன். அந்த வேலையை மட்டும் பிசகில்லாமல் செய்தேன்.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “என்னங்க, முகம் ஒரு மாதிரியா இருக்கு? மேலுக்கு முடியலயா?” என்றாள். தலைவலி என்று சொன்னேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

ஞாயிறு காலை மிஸ்ஸிடமிருந்து மெசேஜ் வந்தது. ‘சேர், சேர்வர் பக்கம் இப்போதைக்குப் போக வேணாம். ஒண்டும் எழுத வேணாம். சின்னப் பிரச்சினை.’ புதிதாக எதையாவது பதிந்தால் அழிந்தது மீளாது, அதை மீட்க முடியுமா என்று அவர் பார்க்கிறார் என்பது புரிந்தது. யார் அழித்தது என்று அவருக்குத் தெரியாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ‘சரி மிஸ்’ என்று பதில் போட்டேன். அந்த இரண்டு சொல்லை எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

திங்கள் பாடசாலைக்குப் போனேன். செவ்வாயும் போனேன். பிள்ளைகளுக்கு மின்சுற்று படிப்பித்தேன். செவ்வாய் இடைவேளையில் மிஸ் கூப்பிட்டார். ஆசிரியர் அறையில் போன் மேசையில் கிடந்து அதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசை ஆசிரியர், “சேர், போன் அடிக்குது” என்றார். தெரியாத நம்பர் என்றேன். பொய் சொல்வது அவ்வளவு இலகுவாக வரும் என்று எனக்கே தெரியாது.

புதன் பின்னேரம் பேராசிரியர் எங்கள் குழுவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். இன்ன மாணவி தன்னுடைய தரவுகளைத் தன் கையாலேயே தவறுதலாக அழித்துவிட்டதாக அறிவித்திருக்கிறார், சேர்வர்ப் பிரிவினர் மீட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள், எல்லோரும் உடனடியாகப் பிரதி எடுத்து வையுங்கள் என்று இருந்தது. கீழே ஒருவர் பின் ஒருவராக அனுதாபம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் மட்டும், இவ்வளவு காலம் பிரதி எடுக்காமலா இருந்தார் என்று கேட்டிருந்தார்.

தன் கையாலேயே என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பாஸ்வேர்ட் இருந்தது எங்கள் இருவரிடமும்தான். தான் செய்யவில்லை என்றால் செய்தது யார் என்று யோசிக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். அது புரிய எனக்கு நான்கு நாள் தேவைப்பட்டது.

வியாழன் லீவு போட்டேன். மாத்தளைக்குப் போய், ரத்தோட்டை வழியாக மலை ஏறி இறங்குகிற லக்கல பஸ்ஸைப் பிடித்தேன். அந்தப் பக்கம் பஸ் குறைவு. ஒன்றை விட்டால் பாதி நாள் போய்விடும். வளைவுக்கு வளைவு மிஸ்ஸிடம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்தேன். இணையத்தில் கோளாறு என்று தொடங்குகிற ஒரு கதையும் அதில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் வராமல் போனது என் நல்ல காலம்.

அவர் வேலை செய்கிற கமநல சேவை நிலையத்தில் அவர் இருந்தார். வாசலில் விதை நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மேசையில், முக்காட்டுக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவு மெமரி கார்டுகள் அவரிடம் ஆறுதான். ஒவ்வொரு முறையும் சேர்வருக்கு ஏற்றிவிட்டு, கார்டை அழித்து மறுபடி மரத்தில் கட்டுவார். அதனால் கடைசியாக எடுத்த ஆறு கார்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஹெட்போனைக் கழற்றினார். ஆச்சரியப்படவில்லை.

“மிஸ், அத அழிச்சது நான்தாங்க” என்றேன்.

“தெரியும் சேர்” என்றார். “உக்காருங்க.”

பிறகு அவர் சொன்னதை நான் எப்படிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகாமல் லக்கலவிலேயே நின்று, சிக்னலுக்காகக் குளக்கட்டின் மேல் போய் உட்கார்ந்திருந்தார். அவரும் அதே நேரம் சேர்வருக்குள் இருந்தார். அன்று ஏற்றிய துண்டுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தார். கூட வேண்டிய எண் குறைந்திருந்தது. மறுபடி எண்ணினார், இன்னும் குறைந்தது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தார். அவர் பெயரிலேயே இரண்டு பேர். ஒன்று அவர், மற்றது நான்.

“அப்பதான் உங்களுக்கு கோல் எடுத்தேன். நீங்க வெட்டினீங்க. திரும்பவும் எடுத்தேன். ஒரு பக்கம் எண்ணிக்கொண்டே இருந்தேன் சேர். நாப்பதாயிரத்துக்கு மேல இருந்தது, முப்பது ஆச்சு, இருபது ஆச்சு. எப்படி நிப்பாட்டுறதுண்டு எனக்குத் தெரியா.”

ஓடுகிற கட்டளையை நிறுத்துவது எப்படி என்று அவர் என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார். அதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது மிஸ் என்று நான்தான் சொன்னேன். அவர் அதை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே ஞாபகம் வந்தது. ஒரு வரிதான் அது. அவர் பெயரில் ஓடுகிற கட்டளையை அவரே குளக்கட்டிலிருந்து நிறுத்தியிருக்கலாம். எழுதிக் கொடுத்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருப்பார்.

நான் அழுதுவிட்டேன். நாற்பது வயதை நெருங்குகிற ஆள், ஓர் அரசாங்க அலுவலகத்தில், விதை நெல் வாங்க வந்தவர்கள் பார்க்க அழுதேன். அவர் எழுந்து போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்துவிட்டு, சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றையும் சொன்னேன். கட்டளை வரியை அந்தக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டதைச் சொன்னேன்.

அதுவரை அவர் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. அதைக் கேட்டதும் மாறிவிட்டது. கொப்பியை மூடி வைத்தார்.

“இது எனக்குத் தெரியா” என்றார். “கை தவறும் சேர். அது யாருக்கும் வரும். நீங்க பேசுவீங்கண்டு நான் அஞ்சு நாளா போனக் கையில வச்சுக்கொண்டு இருந்தேன். பயந்துபோய் இருக்கிறீங்கண்டு நெனச்சேன். அடையாளத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் சும்மா இருந்தீங்கண்டு நெனைக்கல்ல.”

அவர் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் எழுந்து நின்று, நாளைக்கே பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அதைச் சொல்லும்போது என் மனதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. இப்போதாவது நல்ல மனிதனாக நடக்கிறேன் என்ற பெருமை.

“சொன்னா உங்கட மனசு லேசாகும்” என்றார். “எனக்கு என்ன ஆகும்? பாஸ்வேர்ட்ட ஏன் குடுத்தீங்கண்டு முதல்ல என்னத்தான் கேப்பாங்க. தரவு போச்சு, அதோட பேரும் போகணுமா? வேணாம் சேர். அழிச்சது நான்தாண்டு சொல்லியாச்சு. அப்படியே இருக்கட்டும்.”

மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாம் என்று மலை ஏறி வந்தவனுக்கு அந்தக் கதவும் மூடிவிட்டது. அவர் சொன்னது நியாயம். என் தவறை நான் ஒப்புக்கொண்டாலும் அடி விழுவது அவருக்குத்தான்.

திரும்பும்போது அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்துத் தந்தார். “உங்கட இலைப் படம் எல்லாம் இதுல இருக்கு. பாஸ்வேர்ட்ட மாத்திட்டேன். மாத்த முந்தி எடுத்து வச்சேன்.” தன்னுடையது எல்லாம் போன அந்த வாரத்தில், குளக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த இழுபறிச் சிக்னலில் என்னுடையதை ஒவ்வொன்றாக இறக்கியிருக்கிறார். அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். நன்றி சொன்னேனா என்பதுகூட ஞாபகம் இல்லை.

மூன்று வாரம் அவரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை. பிறகு ஒரு மெசேஜ் வந்தது. ‘புது சிறுபோகப் பதிவு தொடங்கிட்டேன். கேட்டு எழுத ஆள் வேணும். சனிக்கிழமை வர ஏலுமா?’

போனேன். அந்தச் சிறுபோகம் முழுக்க, ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் போனேன். அவர் வார இறுதிக்கு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிடுகிற நாட்களில், அவருடைய கணவர் குழந்தையோடு பலாபத்வலவிலிருந்து வந்துவிடுவார். அவரிடமும் மிஸ் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டு நேரம் வந்தால், சாப்பிட வாங்க சேர் என்பார். அவ்வளவுதான்.

முதல் நாள் வேலை தொடங்கும் முன், ஓடுகிற கட்டளையை நிறுத்துவது எப்படி என்று சொல்லித் தரச் சொன்னார். சொல்லிக் கொடுத்தேன். அவரே பத்துத் தடவை செய்து பார்த்தார்.

அந்தச் சத்தங்களைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் நான் எதை அழித்தேன் என்று எனக்கு விளங்கியது. ஒரு நிமிடத் துண்டு ஒன்றைச் சரியாகக் குறிக்க, சில நேரம் நான்கு தடவை கேட்க வேண்டும். தூரத்து இடியும் யானை அடித்தொண்டையில் உறுமுவதும் முதலில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இடையில் மனிதர்கள் வருவார்கள். பரணில் இருந்து ஒருவர் ஓயாமல் கூவுவார், பிறகு தகரத்தைத் தட்டுவார், பிறகு வெடி போடுவார், பிறகு நீண்ட நேரம் சத்தமே இருக்காது. அவர் பயந்துபோய் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறாரா, யானை போய்விட்டதா என்று தெரியாமல் நானும் இங்கே மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு மணி நேரம் கேட்டால் காது வலிக்கும். மிஸ் இதை இரண்டு போகம் தனியாகச் செய்திருக்கிறார். நான் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டேன்.

பழைய சிறுபோகத்தில் கொஞ்சம், அவருடைய வீட்டுக் கணினியில் தற்செயலாகக் கிடந்தது. அதையும் புதிய சிறுபோகத்தையும் வைத்துக்கொண்டு வருட முடிவுக்குள் ஆய்வைக் கொடுத்துவிட்டார். பதிவு ரத்தாகவில்லை. ஆனால் அந்த ஆறு கார்டில் மிஞ்சியதைத் தவிர, யானை அதிகம் வருகிற பெரும்போகம் அதில் இல்லை. ஆய்வின் தலைப்பையே சுருக்க வேண்டியிருந்தது. காவல்காரரின் போனுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பும் திட்டத்தை, தரவு போதாது என்று கடைசி அத்தியாயத்தில் ஒரு யோசனையாக மட்டும் எழுதி விட்டுவிட்டார்.

அவருடைய இறுதி விளக்கவுரைக்கு மற்ற மாணவர்களும் போய் உட்காரலாம். நான் பின்வரிசையில் இருந்தேன். பரீட்சகர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு முழுப் பெரும்போகத்துத் தரவைப் பிரதி எடுக்காமல் வைத்திருந்து அழித்தீர்களா, இவ்வளவு கவனக்குறைவாக ஓர் ஆய்வாளர் இருக்கலாமா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். எனக்குக் கால்கள் தாமாகவே எழும்பப் பார்த்தன. மிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் எழுந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தவறு என்னுடையதுதான், அதற்கு வருந்துகிறேன் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அவருடைய ஆய்வு இப்போது அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில், பச்சை மட்டையோடு இருக்கிறது. போன வருடம் ஒரு வேலையாகப் போனபோது எடுத்துப் பார்த்தேன். ஆய்வின் குறைபாடுகள் என்ற பகுதியில், பெரும்போகப் பதிவுகள் ஆய்வாளரின் கவனக்குறைவால் அழிந்தன என்று ஒரு வரி இருக்கிறது. இந்த அனுபவத்தையும் நான் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். என் பெயரைப் போட்டால் அவரையும் அடையாளம் கண்டுவிடுவார்கள். தவறு செய்தால் உடனே வந்து சொல்லிவிட வேண்டும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்கிறேன். ஆனால் நான் அன்றே சொல்லாமல் விட்டதால், என் தவறு அந்த நூலகத்தில் இன்னொருவருடைய பெயருக்குக் கீழே இருக்கிறது, அதைத் திருத்துகிற உரிமை இனி எனக்கு இல்லை.